நூற்றுக்கு நூறு எடுத்த ஓவசியர்

இதை எழுதாமல் விடத்தான் இருந்தேன். எழுதுவதென்றால் எனக்குப் பஞ்சி, சோம்பல். ஓஎல் பரீட்சையில் கணக்கை இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் கோட்டை விட்டவன். தமிழ் பாஸ்தான், அதுவும் தட்டுத்தடுமாறி. ஆனால் போன கிழமை நெல்லியடிச் சந்தையில் எங்கள் ஓவசியரைக் கண்டேன். என்னைக் காணாதவர் மாதிரி ஒரு கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கத்தரிக்காயில் அவ்வளவு நேரம் பார்க்க ஒன்றுமில்லை. எனக்கு வந்த சந்தோசத்தில் வீட்டுக்குப் போய் எழுதக் கொப்பியை எடுத்தேன்.

வடமராட்சியில் ஒரு ஆஸ்பத்திரியில், ஆண்கள் வாட்டில், நான் சிற்றூழியன். நோயாளியைத் தூக்கி இருத்துவது, ட்ரொலியில் எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போவது, கட்டிலோடு கிடப்பவர்களுக்கு மலச்சட்டி வைப்பது, எடுப்பது, கழுவுவது எல்லாம் என் வேலை. எங்களைப் போன்ற ஆட்களுக்கு மேலே நிற்பவர்தான் ஓவசியர். யார் எந்த வாட்டில் நிற்பது, யார் எந்த நேரம் வருவது என்று எழுதுகிறவர் அவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் மூன்று திருநீற்றுக் குறி காலையிலிருந்து பின்னேரம் வரை அழியாமல் இருக்கும். அது எப்படி அழியாமல் இருக்கிறது என்று அந்த நேரம் நான் யோசிக்கவில்லை.

பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் டொக்டர் வந்தார். கூடவே பெட்டிகளோடு இரண்டு தொழில்நுட்பக்காரர். நாங்கள் ஒழுங்காகக் கை கழுவுகிறோமா என்று ஒரு மெசின் கணக்கு வைக்குமாம். அந்த மெசின் வைக்கிற கணக்கு சரியோ பிழையோ என்று டொக்டர் பார்ப்பாராம். எங்கள் வாட்டில்தான் சோதனை.

எங்கள் எல்லோர் கழுத்திலும் நம்பர் போட்ட அட்டை தொங்கியது. எனக்குப் பதினேழு. ஓவசியருக்கு நாலு. ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு கண். நான் கட்டிலுக்குக் கிட்டப் போனால் அந்தக் கண் என் அட்டையைக் கண்டு, பதினேழு வந்தான் என்று எழுதும். வாட்டு வாசலில் ஒன்றும் உள்ளே நாலுமாகக் கைக்கு ஸ்பிரிட் ஊற்றுகிற பெட்டிகள். கீழே கை நீட்டினால் ஒரு சீறல் சத்தம், ஒரு நீல வெளிச்சம், கையில் ஸ்பிரிட். பதினேழு கை கழுவினான் என்று அந்தப் பெட்டி எழுதும். கிழமை முடிய, கட்டிலுக்குப் போனது எத்தனை, கழுவினது எத்தனை என்று பார்த்து ஆளுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க். டொக்டர் அந்தத் தாளை உறையில் போட்டு ஒட்டித் திங்கட்கிழமை காலையில் வாட்டுக்கு அனுப்புவார். அவரும் இடைக்கிடை வந்து யன்னலோரம் ஒரு கதிரையில் இருந்து, கண்ணால் பார்த்து, தன் தாளில் தனியாகக் கோடு போடுவார். அவர் கதிரையில் இருந்தால் எங்கள் ஆட்களில் கழுவாத கை கிடையாது. எழும்பிப் போனால் பழைய சீர்தான்.

உறையை மேசையில் வைத்தால் போதும் என்றுதான் டொக்டர் சொல்லியிருந்தார். அதை உடைத்து எல்லாருக்கும் கேட்க வாசிப்பது ஓவசியரின் சொந்த யோசனை. மேலிருந்து கீழே வாசிப்பார். மாதக் கடைசியில் யார் கடைசியோ அவரை வாட்டிலிருந்து எடுத்துப் பின்பக்கக் குப்பை எரிக்கிற இடத்துக்கு அனுப்புவேன் என்று அறிவித்ததும் அவர்தான்.

முதல் தாளை அவர் வாசித்தது மத்தியானம், நோயாளி பார்க்க ஆட்கள் வருகிற நேரம். வேண்டுமென்றே அந்த நேரம்.

"நாலு. நூற்றுக்கு நூறு," என்று தொடங்கினார். அது தான்தான் என்று காட்ட அட்டையை ஒருதரம் தட்டினார். பிறகு ஒவ்வொருவராக இறங்கி இறங்கிக் கடைசிக்கு வந்தார். "பதினேழு. பதினொண்டு."

"ஓஎல் கணக்கிலை எடுத்ததை விட ரெண்டு கூட, அண்ணை," என்றேன்.

சனம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. என்னைக் கையால் காட்டி, வந்து நின்ற ஆட்களைப் பார்த்துச் சொன்னார்: "சிரியுங்கோ, சிரியுங்கோ. உவர்தான் பதினேழு. உந்தக் கையாலைதான் உங்கடை ஆக்களைத் தூக்குறவர்."

சிரிப்பு நின்றது.

அடுத்த நாள் காலை, கரவெட்டியிலிருந்து வந்த வெங்காயத் தோட்டக்காரர் ஒருவரை இருத்திவிடப் போனேன். உழவு மெசினோடு சரிந்து கால் முறிந்து, தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். இரண்டு கிழமையாக நான்தான் அவரைத் தூக்குவது. பக்கத்தில் இருந்த மனைவி எழும்பி எனக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்றார்.

"தம்பி, குறை நினையாதேங்கோ. மற்றத் தம்பியை வரச் சொல்லுங்கோ. இவருக்குக் காயம் இன்னும் காயேல்லை."

"நான் கழுவிப்போட்டுத்தான் வாறன், அன்ரி."

"ஓம் ராசா. எண்டாலும் தொட வேண்டாம்."

அவர் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். நான் போய் மற்றவனை, என்னோடு எப்போதும் கட்டில் தூக்குகிற என் கூட்டாளியைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவன் தூக்க, நான் நாலடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வாட்டில் வேலை செய்கிறவன் ஒருவனுக்கு அப்படி நிற்பது எப்படியிருக்கும் என்று எழுத எனக்குப் படிப்புப் போதாது. ஆனால் அந்த நாலடியில் நின்றபடிதான் ஓவசியரை விடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

எனக்கு ஏன் பதினொன்று என்று எனக்குத் தெரியும். மலச்சட்டி எடுத்த கைக்கு ஸ்பிரிட் போதாது, பைப்பில் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும் என்று நான் வேலைக்கு வந்த முதல் நாளே வாட்டுத் தாதி மிஸ்ஸி சொல்லித் தந்தவர். என் வேலையில் பாதி மலச்சட்டி. அந்தப் பழக்கத்தில் மற்ற வேலைக்கும் நான் வாட்டின் கோடியில் உள்ள பைப்பில்தான் கழுவுகிறேன். பைப்புக்குக் கண் கிடையாது. இதை ஓவசியரிடம் போய்ச் சொன்னேன்.

"மெசின் பொய் சொல்லாது," என்றார். "பொய் சொல்லுறது மனிசர்தான்."

"அப்ப நான் பைப்பிலை கழுவுறது?"

"ஆர் கண்டது? எனக்கு நூறு வருது. உனக்கு ஏன் வரேல்லை?"

அதைத்தான் நானும் யோசித்தேன். அவருக்கு எப்படி நூறு வருகிறது. வாட்டுக்குள் வருவார், கட்டில்களுக்கு நடுவில் நடப்பார், யாரையாவது ஏசுவார், போவார். அந்த மனிதர் கையில் தண்ணீர் பட்டதை அவர் சாப்பிடப்போகிற நேரம் தவிர நான் கண்டதில்லை. அன்றிலிருந்து அவர் வாட்டுக்குள் வந்தால் நானும் ஒரு துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவேன்.

"ஏன்ரா அந்தாளின்ரை பின்னாலை திரியிறாய்?" என்று கேட்டான் கூட்டாளி. "கலியாணம் பேசப் போறியே?"

"ஓம். சீதனமா அந்த நூறைக் கேக்கப்போறன்."

இரண்டு நாள் திரிந்தேன். மூன்றாம் நாள் கண்டேன்.

எங்கள் வாட்டு வாசல் சுவரில் பிள்ளையார், முருகன், மாதா மூன்று படமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. வேலைக்கு வருகிறவர்கள் அதில் ஒரு நிமிடம் நின்றுதான் உள்ளே வருவார்கள். படங்களுக்குக் கீழே ஒரு சின்னப் பலகைத் தட்டும், அதில் திருநீற்றுக் கிண்ணமும் இருந்தன. ஸ்பிரிட் பெட்டி பூட்ட வந்த தொழில்நுட்பக்காரர் வாசலில் கரண்ட் பிளக் இருந்த ஒரே இடம் அதுதான் என்று பலகையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பெட்டியைப் பூட்டிவிட்டுப் போனார்கள். கிண்ணத்துக்கு இடமில்லாமல் போயிற்று. பெட்டியின் அடியில் சொட்டு ஏந்த ஒரு தட்டு இருந்தது. கிண்ணம் அதில் அளவாகக் குந்தியது. அதில் கொண்டுபோய் வைத்தவர் ஓவசியர்.

ஆகவே திருநீறு எடுக்க வேண்டுமென்றால் பெட்டியின் மூக்குக்குக் கீழே கையை விடவேண்டும். கை வந்தால் பெட்டி சீறும். நீல வெளிச்சம் வரும். நாலு கை கழுவினார் என்று எழுதும். ஸ்பிரிட் கிண்ணத்துக்குள் விழும். ஓவசியர் அந்த ஈரத் திருநீற்றை மூன்று விரலால் குழைத்து, கண்ணை மூடி, "அப்பனே முருகா" என்று இழுத்துப் பூசுவார். வாட்டுக்குள் வரும்போது ஒருதரம். போகும்போது ஒருதரம். ஒருவரை ஏசி முடித்தால் இன்னொருதரம். நாள் முழுக்கக் குறி அழியாமல் இருந்த காரணம் அன்றுதான் எனக்கு விளங்கியது.

கூட்டாளியைக் கூட்டி வந்து காட்டினேன். அவன் விரலை விட்டுப் பார்த்து நெற்றியில் வைத்தான்.

"டேய், நல்ல குளிர்ச்சியடா. இதுதானே அந்தாள் எடுத்ததுக்கெல்லாம் வந்து பூசுறது."

"உனக்கும் ஒரு மார்க் விழுந்திட்டுது."

"அப்ப நீயும் பூசன். பதினொண்டு தொண்ணூறாகும். குப்பைக்குப் போகத் தேவையில்லை."

அவன் சொன்னது சரிதான். மாத முடிவுக்கு இன்னும் இரண்டு தாள்தான் இருந்தன. இரண்டு கிழமை பக்திமானாக நடித்தால் நான் தப்பியிருப்பேன். எனக்கு மார்க் வேண்டியிருக்கவில்லை. என்னைக் காட்டின அதே கை தாளைப் பிடிக்க, என்னைச் சொன்ன அதே வாய் தன் நம்பரைக் கடைசியாக வாசிக்க வேண்டும். அதுதான் வேண்டியிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை, வழக்கம்போலத் தாள் வாசித்து, வழக்கம்போல நான் கடைசி வந்து, ஆட்கள் கலைந்த பிறகு, பைப்பில் கையைக் கழுவினேன். திருநீறு அல்லவா, கழுவாமல் தொடக்கூடாது. கிண்ணத்தை எடுத்து, ஈரமாய்க் கட்டிபட்டிருந்ததைச் சுரண்டிப்போட்டு, புதுத் திருநீறு நிரப்பி, மாதா படத்துக்கு அந்தப் பக்கம் இருந்த யன்னல் விளிம்பில் வைத்தேன். பெட்டியிலிருந்து இரண்டு முழம் தூரம்.

பின்னேரம் ஓவசியர் வந்தார். கை பழக்கத்தில் பெட்டிப் பக்கம் போய்த் திரும்பியது.

"ஆரடா இதை இஞ்சை வைச்சது?"

"நான்தான், அண்ணை. எச்சில் துப்பிற மாதிரி ஒரு மெசின். அதுக்குக் கீழை திருநீறு இருக்கிறது எனக்கு மனதுக்குச் சரியாப் படேல்லை. சாமிக்குப் பக்கத்திலை இருக்கட்டும்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "இப்பத்தான் உனக்குக் கொஞ்சம் புத்தி வந்திருக்கு," என்றார். எடுத்துப் பூசினார். விரலைப் பார்த்தார். "குழையுதில்லை," என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.

அந்தக் கிழமை முழுக்க அவர் நெற்றியிலிருந்து காய்ந்த திருநீறு மூக்கில் கொட்டிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தேன். வேலை களைக்கவேயில்லை. கரவெட்டி அன்ரி மட்டும் என்னைக் கண்டால் எழும்பிக் கட்டிலுக்கு முன்னால் வந்து நிற்பார். நான் தாண்டிப் போய்விடுவேன்.

கடைசித் திங்கட்கிழமை டொக்டரும் வந்திருந்தார். மாதம் முடிவதால் மெசின் தாளையும் தன் தாளையும் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். ஓவசியருக்கு அது இன்னும் நல்லதாகப் பட்டது. உறையை உடைத்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். முதல் வரியைப் பார்த்தார். இருமினார்.

"பன்ரெண்டு. ஐம்பத்தெட்டு."

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வழக்கமாக மேலே தொண்ணூறுகள்தான். திருநீறு எடுத்தவர்கள் அவர் மட்டுமா. வாட்டு முழுவதுமே விழுந்திருந்தது. ஓவசியர் வாசித்துக்கொண்டே போனார். குரல் ஒவ்வொரு நம்பருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"பதினேழு. பதின்மூண்டு," என்றார். தாளை மடித்தார். "அவ்வளவுதான். போய் வேலையைப் பாருங்கோ."

"அண்ணை, ஒருத்தர் மிச்சம்," என்றேன். "நாலைக் காணேல்லை."

"மெசின் பழுது."

"மெசின் பொய் சொல்லாதெண்டு நீங்கள்தானே சொன்னியள்."

"உன்ரை பகிடியை வேறை எங்கையாவது வைச்சுக்கொள்."

"பகிடி இல்லை, அண்ணை. கடைசி ஆரெண்டு தெரியோணும். பின்பக்கம் போறவர் இண்டைக்கே போகோணுமெல்லே."

டொக்டர் கையை நீட்டினார். ஓவசியர் தாளைக் கொடுத்தார். டொக்டர் விரித்துக் கடைசி வரியை வாசித்தார். "நாலு. சைபர்." பிறகு சுற்றிப் பார்த்து, "நாலாம் நம்பர் ஆர்?" என்று கேட்டார். எல்லோரும் அவருடைய அட்டையைத்தான் பார்த்தார்கள். வாசித்தது டொக்டரின் வாய், ஓவசியரின் வாயல்ல. அது எனக்கு ஒரு குறைதான். ஆனால் அந்த முகம் அந்தக் குறையை முக்கால்வாசி தீர்த்தது.

"போன கிழமை நூறு. இந்தக் கிழமை சைபர்," என்றார் டொக்டர். "இடையிலை என்ன மாறினது?"

அந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். போய்க் கிண்ணத்தை எடுத்து வந்து பழையபடி பெட்டித் தட்டில் வைத்தேன்.

"அண்ணை, ஒருக்காப் பூசிக் காட்டுங்கோ."

"சாமி விசயத்திலை விளையாடுறியே?"

"சாமிக்குப் பக்கத்திலை வைச்சதுக்குத்தானே புத்தி வந்திட்டுது எண்டனியள். இப்ப மெசினுக்குப் பக்கத்திலை வைச்சிருக்கிறன். பூசுங்கோ."

டொக்டரும், "ஒருக்காச் செய்து காட்டுங்கோ, எனக்கு விளங்கோணும்," என்றார். மறுக்க முடியாமல் ஓவசியர் கையை விட்டார். பெட்டி சீறியது. நீல வெளிச்சம் வந்தது. டொக்டர் தன் போனைப் பார்த்தார். "நாலு, கை கழுவினது, ஒண்டு," என்று வாசித்தார்.

முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. பிறகு வாட்டு முழுவதும் சிரித்தது. கால் முறிந்து கிடந்தவர்களும் சிரித்தார்கள். ஓவசியர் மூன்று விரலிலும் ஈரத் திருநீற்றோடு நின்றார். நெற்றியில் பூசுவதா, துடைப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. கை பாதி வழியில் நின்றது. கடைசியில் காற்சட்டையில் துடைத்தார். அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்று எழுதினால் நல்ல பெடியன் என்பார்கள். இருக்கவில்லை. அந்தக் கரவெட்டிக் கட்டிலுக்கு நாலடி தள்ளி நான் நின்ற நேரத்தை அவர் விரலில் எண்ணிக்கொண்டிருந்தேன்.

டொக்டர் தன் தாளைப் புரட்டினார். "நான் இருந்து பாத்த நேரங்களிலை ஆகக் கூடக் கழுவினது பதினேழுதான். எல்லாம் பைப்பிலை, சவர்க்காரத்தோடை. மலச்சட்டி வேலைக்கு அதுதான் சரி. மெசினுக்குப் பைப் தெரியாது. திருநீறு எடுக்கிற கைக்கும் கழுவுற கைக்கும் வித்தியாசமும் தெரியாது. இதை வைச்சு ஒரு ஆளை நல்லவர், கூடாதவர் எண்டு சொல்லேலாது. இனிமேல் ஒருத்தரும் வாசிக்கக் கூடாது."

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "அப்ப கடைசி வந்தவர் பின்பக்கம் போகத் தேவையில்லையோ, டொக்டர்?"

"ஒருத்தரும் போகத் தேவையில்லை."

என்னைக் காப்பாற்றின வாய் அதே மூச்சில் அவரையும் காப்பாற்றியது. எனக்கு அது பிடிக்கவில்லை. நான் ஒரு மாதம் குப்பைக்குப் போனாலும் பரவாயில்லை, அவர் ஒரு நாள் போகவேண்டும் என்றுதான் அந்த நிமிடம் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அடுத்த கிழமையே அவர் தானாகக் கேட்டுப் பெண்கள் வாட்டுப் பக்கம் மாறிப்போனார். கன்ரீனில் என்னைக் கண்டால் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்புவார். மிச்சத் தேத்தண்ணி ஆறுவதை நான் இருந்து பார்ப்பேன்.

அந்தக் கடைசித் தாள் வாசித்த அன்று பின்னேரம் கரவெட்டி அன்ரி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இவரை ஒருக்கா இருத்திவிடுங்கோ."

"மற்றத் தம்பி வருவார், அன்ரி. இவருக்குக் காயம் காயேல்லையெல்லே."

அவர் முகம் சுருங்கியது. "நான் என்னத்தைக் கண்டன், ராசா. வாசிக்கேக்கை நம்பிப்போட்டன்."

"பொறுங்கோ, கழுவிப்போட்டு வாறன்."

பைப்படியில் நின்று கழுவினேன். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு, முழங்கை. சவர்க்காரம் போட்டு, அலசி, திரும்பவும் போட்டு. அன்ரி அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும் என்றுதான் கழுவினேன். கடைசியில் அவர் கணவர்தான் கட்டிலில் கிடந்தபடி சத்தம் போட்டார்: "காணும் தம்பி, தோல் உரியப்போகுது. எனக்கு முதுகு நோகுது."

போய்த் தூக்கி இருத்தினேன். அன்ரி தலையணையை நிமிர்த்திக் கொடுத்தார். அடுத்த நாளிலிருந்து என்னைத்தான் கூப்பிட்டார்.

இவ்வளவையும் கொப்பியில் எழுதி, பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்து, என் கூட்டாளிக்கு அனுப்பினேன். வாசி, எங்கேயாவது பிழை இருந்தால் சொல் என்று கேட்டேன். வாசித்து முடிக்க அவனுக்கு அரை மணி நேரம் பிடித்தது. பதில் ஒரே வரியில் வந்தது.

"எல்லாம் சரி மச்சான், அந்தக் கடைசிக் கிழமை டொக்டர் எழும்பிப் போன நேரம் நீ ரெண்டு தரம் கழுவாமல் கட்டிலுக்குப் போனதை ஏன் எழுதேல்லை?"